மூக்கு மாறிய அரிவாள்

எங்கள் வகையறாவின் அடையாளம் அரிவாள். மாட்டின் தொடையில் சூடு போட்டிருப்பார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, மாடுகள் கலந்துவிடக் கூடாது என்று எங்கள் அரிவாளின் மூக்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டோம். பெரியப்பா வீட்டு மூக்கு இடப்பக்கமே நின்றது. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு சில வருஷம் மழை இல்லை. மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினோம். சூட்டுக்கோலைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றோம். பழம் நன்றாகத்தான் இருந்தது.

சிக்கல் அய்யனார் படையலில் வந்தது. முந்திரித்தோப்புக் கோயிலில் ஒவ்வொரு வகையறாவும் தன் குறி போட்ட மாட்டைக் கட்டும் இடத்தில்தான் பொங்கல் பானை வைக்கும். அடுத்தவன் குறிக்குக் கீழே அடுப்பு மூட்டினால் சாமி ஏற்காது. ஊரிலேயே மாடு இல்லாத வருஷம் ஆளாளுக்கு அகப்பட்ட இடத்தில் மூட்ட, பொங்கலுக்கு முன்னால் மனுஷர்கள் பொங்கினார்கள்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. அந்த அத்தை ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு கொட்டகையில் பெண்களோடு சேர்ந்து கைக்காகிதம் செய்யப் பழகியிருந்தாள். "மாடு போனா என்ன, குறி போயிடுமா? காயிதத்துல அச்சடிச்சுக் கொடியாக் கட்டுவோம்" என்றாள். ஊர் ஒப்புக்கொண்டது.

அத்தைக்கு ஒரு குறை உண்டு. படையலன்று ஒரு அண்ணன் பானையில் சாப்பிட்டால் இன்னொரு அண்ணன் வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் பல வருஷங்கள் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகவே பஸ் ஏறுவாள்.

அந்தக் கோடை லீவில் நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. எல்லா வகையறாப் பிள்ளைகளும் ஜெயங்கொண்டத்தில் அத்தையின் கொட்டகையில்தான் கிடந்தோம். தையல்கடைத் துண்டுத்துணியை ஊறவைத்து உரலில் கூழாக இடித்தோம். தொட்டியில் கரைத்து, வலை அடித்த சட்டத்தால் அள்ளினால் தண்ணீர் வடிந்து மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் நிற்கும். அதைச் சுவரில் ஒற்றிக் காயவைத்தால் காகிதம். அச்சுக்கட்டைகளைச் செதுக்கியது அத்தை ஒருத்திதான். ரப்பர் செருப்பில் வெட்டினால் சுலபம் என்று சொன்ன ஒன்றுவிட்ட சித்தப்பாவை அப்பா அந்தச் செருப்பாலேயே அடிக்கப் போனார். கடைசியில் கல்யாணமுருங்கைக் கட்டை வந்தது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கட்டையில் தடவி, காகிதத்தைப் போர்த்தி, டம்ளர் அடியால் தேய்ப்போம். உரிக்கும்போது தேளோ ஏணியோ அரிவாளோ வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் கத்துவோம். பெரியப்பா மகனும் நானும் சேர்ந்தே கத்தினோம். எந்த மூக்கு எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது?

அடித்தவற்றை அத்தை உடனே மூட்டை கட்டிவிடுவாள். "சாமி பாக்கறதுக்கு முன்னாடி பெரியவங்க யாரும் பாக்கப்படாது" என்றாள்.

படையலன்று விடியற்காலையில் அவளே முன்னால் நின்று, இளவட்டங்களை விட்டுக் கொடிகளைக் கட்டவைத்தாள். நாங்கள் பானையும் விறகுமாகப் போய் அண்ணாந்து பார்த்தால், எங்கள் இடத்தில் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்திலேயே பெரியப்பா இடம். அங்கே எங்கள் அரிவாள் ஆடுகிறது.

"ஏ புள்ள, கட்டைல செதுக்குனா காயிதத்துல திரும்பி வுழும்னு கூடவா தெரியாது ஒனக்கு?" என்று அப்பா கத்தினார்.

"தெரியாமப் போச்சுண்ணே" என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

அவிழ்த்து மாற்றலாம் என்றால் பூசாரி விடவில்லை. "சாமிக்குக் கட்டுன கொடிய படையல் முடியாம அவுக்கப்படாதுங்க."

அப்படியானால் ஆட்கள் இடம் மாற வேண்டும். பெரியப்பா வேப்பமரத்தைப் பார்த்து, "மூத்தவன் எடத்த வுட்டு நான் நவுருவனா?" என்றார். அப்பா தன் சைக்கிளைப் பார்த்து, "நான் மட்டும் நவுருவனா?" என்றார். மரமும் சைக்கிளும் பதில் சொல்லவில்லை. மற்ற வகையறாக்களின் பானைகள் பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டது. வெயில் ஏறியது. நாங்கள் பசியில் முந்திரிப்பழம் கடித்துத் தொண்டை கரகரத்து நின்றோம்.

பெரியம்மாதான் முதலில் எழுந்தாள். இரண்டு வரிசைக் கொடிகளும் முடிகிற நடு இடத்தில் மூன்று கல்லை வைத்தாள். அங்கே மேலே யார் குறியும் இல்லை. "இப்ப யாரு குறிக்குக் கீழன்னு சாமி கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன்" என்றாள். அம்மா எங்கள் அரிசியைக் கொண்டுபோய் அவள் பானையில் கொட்டினாள்.

ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுப்பு புகைந்தது. அப்பா விறகை வைத்த விதம் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மரத்தைப் பார்க்க மறந்துபோய், "உள்ள தள்ளுடா, அணையுது பாரு" என்றார். அப்பா தள்ளினார். பானை பொங்கியது. அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலில் முந்திரித்தோப்புக் கிளிகள் எல்லாம் உடையார்பாளையம் பக்கம் பறந்துவிட்டன.

அத்தை ஒரே இலையில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். எல்லாரும் அவளைக் கேலி செய்தபடியே பரிமாறினார்கள். வேலை தெரியாத அத்தை இத்தனை பேச்சு வாங்குகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. என் பங்கு வெல்லத்தை அவள் இலையில் வைத்தேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அதையும் தின்றாள்.

சாப்பிட்டு முடித்து மல்லாந்து படுத்து மற்றக் கொடிகளை வேடிக்கை பார்த்தேன். பக்கத்து வகையறாவுக்கு அத்தை செதுக்கிய தேள் காற்றில் படபடத்தது. அவர்கள் மாட்டின் தொடையில் வால் எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ, கொடியிலும் அந்தப் பக்கமே வளைந்திருந்தது. அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.