தூங்க வைத்த மொபெட்

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தூக்கம் என்ற ஒரு சொல் போதும், அதை வைத்துக்கொண்டே ஆறு வயதுக் குழந்தையை எவ்வளவு வேண்டுமானாலும் குழப்புவார்கள். தாத்தா இறந்த அன்று அப்பா என்னிடம், "தாத்தா தூங்குறாரு பாப்பா, சத்தம் போடாத" என்றார். தூங்குகிறவர் தலையில் எதற்கு எண்ணெய் தேய்க்கிறார்கள், மூக்கில் எதற்குப் பஞ்சு வைக்கிறார்கள், வெள்ளை வேட்டியால் எதற்கு மூடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பார்த்து மட்டும் வைத்துக்கொண்டேன். தூங்கியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

அடுத்த வருடம் அம்மாவின் மொபெட்டைத் தூங்க வைத்தார்கள்.

அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். தினமும் அந்த மொபெட்டில்தான் போய்வருவாள். தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்கு வண்டி ஓட்ட வராது. கடைத்தெருவுக்குப் போவதானாலும் அம்மாவின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்து வருவார். அதைப் பற்றி ஊரில் பேசிச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள், அப்பா மட்டும் ஓயாமல் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஒரு தம்பி. பைக் மெக்கானிக். அந்த மாமாவுக்குத்தான் கிட்னி போய்விட்டது என்றார்கள். எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் இரண்டு இருக்கிறதாம், ஒன்றைக் கொடுக்கப் போகிறாளாம். "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவுக்கு ஒண்ணு குட்த்துட்டு வந்துட்றேன்" என்று அம்மா சொன்ன தோரணையில் நான் அதை டிபன் கேரியர் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டு வருவதற்கு எதற்கு இத்தனை நாள், உடம்பு சரியில்லாதது மாமாவுக்கு என்றால் அம்மா எதற்குக் கட்டிலில் படுக்க வேண்டும் என்பதெல்லாம் விளங்கவில்லை. இது கிடைக்காவிட்டால் மாமா அதிக நாள் இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. வீட்டில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் அம்மா பெடல் மிதிக்கக் கூடாது. அதுவரை வண்டி சும்மா நின்றால் எஞ்சின் துருப்பிடித்துவிடும் என்று மாமாவுக்கு ஒரே கவலை. அவருடைய உடம்பைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் வீங்கிய கால்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செய்தாள்.

முதலில் வண்டியைக் குளிப்பாட்டித் துடைத்தார்கள். தாத்தாவையும் முதலில் குளிப்பாட்டித்தான் துடைத்தார்கள். டேங்கில் இருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினார்கள். குழாயில் மிச்சமிருந்ததை வைத்து எஞ்சினை ஓடவிட்டு, அது காற்று இழுக்கும் வாயில் மாமா சொட்டுச் சொட்டாக ஆயில் விடச் சொன்னார். "கம்மியா ஊத்துக்கா, ஜாஸ்தியா ஊத்தாத." வண்டி இருமியது, வெள்ளையாகப் புகை கக்கியது, ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. பிறகு பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக உள்ளேயும் கொஞ்சம் ஆயில் விட்டு, பெடலை மெதுவாகச் சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டினார்கள்.

"இன்னா மாமா பண்றீங்க?" என்றேன்.

"தூங்க வெக்கிறோம் பாப்பா."

அப்பா தன் பங்குக்கு உதவி செய்தார். "அம்மாவையும் இப்டித்தான் தூங்க வெப்பாங்க. ஒண்ணுமே தெரியாது" என்றார்.

அதற்குள் மாமா பஞ்சை ஆயிலில் நனைத்து உருட்டிக் கொடுத்தார். அம்மா சைலன்சர் வாயில் ஒரு உருண்டை, காற்று இழுக்கும் வாயில் ஒரு உருண்டை வைத்து அடைத்தாள். பூச்சி போகாமல் இருக்கவாம், ஈரம் இறங்காமல் இருக்கவாம். சக்கரம் தரையில் படாதபடி செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தி, மேலே அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய்ச் சாமி படத்தில் இருந்த சாமந்திச் சரத்தை எடுத்துவந்து வேட்டியின் மேல் வைத்தேன். வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: "நாளைக்கு உனக்கும் பஞ்சு வெப்பாங்களாம்மா?"

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார், ஓங்கிய கை அப்படியே நின்றது. மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வேணாங்க்கா. நாளைக்குப் போவ வேணாம்."

"இன்னாடா பேசற?"

"கொழந்த வாயில வந்துட்ச்சி. உனக்கு எதுனா ஆச்சின்னா இவ மூஞ்சிய நான் எப்டிப் பார்ப்பேன்? எனக்கு ஒண்ணும் வேணாம். இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அம்மா அவரைத் தடுக்கவில்லை, கத்தவுமில்லை. சாமந்தியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியைச் சரேலென்று உருவினாள்.

"டேய், நில்லு. தூங்கறதுக்கும் சாவறதுக்கும் வித்தியாசம் காட்றேன். ரெண்டு பேரும் பாருங்க."

பஞ்சு இரண்டையும் பிடுங்கி எறிந்தாள். கேனில் இருந்த பெட்ரோலைக் கொஞ்சம் டேங்கில் ஊற்றினாள். பிளக்கைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்து, பெடலைச் சுற்றி உள்ளே இருந்த ஆயிலை வெளியே தள்ளினாள். அது தெறித்து அப்பாவின் சட்டையில் விழுந்தது. பிளக்கை மாட்டிவிட்டு மிதித்தாள். வண்டி சும்மா கிடந்தது. மறுபடி மிதித்தாள். மாமா தெருவில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, விடாமல் மிதித்தாள். ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் தெருவே தெரியாத அளவுக்குப் புகையோடு வண்டி உயிர் பிடித்துக் கத்தியது.

நான் குதித்தேன். என் பூவுக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்: "அப்ப தாத்தாவுக்கு ஏம்மா பஞ்ச எடுக்கல?"

அம்மா வண்டியை நிறுத்தினாள். ஆயில் கையோடு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா தூங்கல பாப்பா. செத்துட்டாரு. உங்கிட்ட பொய் சொல்லிட்டோம். அம்மா நெஜமாவே தூங்கத்தான் போறேன். எழுந்து வந்துடுவேன்."

அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல், தெருவில் நின்றிருந்த மாமாவைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம் சொல்ல வேண்டியதை எதற்கு அங்கே பார்த்துச் சொல்கிறாள் என்று எனக்குக் கோபமாக இருந்தது. மாமா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஆயிலு வேஸ்ட்டுக்கா" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் வேலூருக்குப் போனார்கள். அம்மா முதலில் வந்தாள், மாமா வெகுநாள் கழித்து வந்தார். வண்டியும் எழுந்தது. மாமா இப்போது தொப்பை போட்டு, கடைப் பையன்களை அதட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்.

ஆனால் அவர்கள் கிளம்புவதற்கு முந்தின அந்த நாள் எனக்குக் குழப்பம் தீரவில்லை. இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய வண்டியை அன்று மாலையே மறுபடியும் தூங்க வைத்தார்கள். அதே பெட்ரோல், அதே ஆயில், அதே இருமல். மேலே போர்த்தியது மட்டும் அம்மாவின் பூப்போட்ட பழைய புடவை. வாயை அடைக்கும் நேரம் வந்ததும் ஜவுளிக்கடையில் கொடுத்த சிவப்பு பிளாஸ்டிக் கவரை மாமா கிழித்து, சைலன்சரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். பஞ்சு ஒரு கட்டு அப்படியே மீந்து கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன்.

"இந்தா மாமா, பஞ்சு."

"அது வேணாம் பாப்பா" என்று அதை வாங்கி, என் கைக்கு எட்டாத உயரத்தில் கூரை இடுக்கில் செருகினார். நல்ல பஞ்சு. அழுக்குகூட ஆகவில்லை.