அஞ்சலை காதில் விழாத பாதி

தெருவைக் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் மாடி வீடு வாங்கிக்கொண்டாள் அஞ்சலை என்று பேசுகிறார்களே, அது பொய். வீடு வந்தது உண்மை. அவள் வாங்கவில்லை. தப்பு செய்தவளாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சுகமாக உட்கார்ந்திருப்பாளே, ஏன் அதை விட்டுவிட்டுப் போகிறாள்? இதைக் கேட்டால் வேறு கதைக்குத் தாவிவிடுகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் அடங்குவார்கள்.

ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்குப் போகிற வழியில் பாதுகாப்புத் துறை நிலத்தைச் சுற்றி நீளமாக ஒரு மதில் உண்டு. அந்த மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு வரிசை வீடுகள் இருந்தன. மதிலோரம் என்பதுதான் அதன் பெயர். மதில் எழுப்பிய காலத்தில் கல் சுமக்க வந்தவர்கள் வேலை முடிந்தும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு கரண்டு வந்தது, ரேஷன் கார்டு வந்தது, ஓட்டும் வந்தது. பட்டா மட்டும் வரவில்லை. நிலம் டெல்லிக்குச் சொந்தம், இங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று வந்த அதிகாரிகள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள்.

அஞ்சலை பிறந்ததும் அங்கே, வாழ்க்கைப்பட்டதும் அங்கே. பிள்ளை குட்டி இல்லை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்ப்பாள், மீதி நேரம் கட்சி. முறம் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டுப் போனால் ஒரு முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவள் அவள்தான். சின்னக் கட்சி, எண்ணினால் ஒரு ஆட்டோவில் அடங்குகிற எம்.பி.க்கள். கொரட்டூரில் வாட்ச்மேன் வேலை பார்த்த அவள் புருஷன் பச்சையப்பனுக்கு அந்தக் கட்சியைக் கண்டாலே ஆகாது.

"மொறத்த தூக்கினு தெருத்தெருவா போறியே, ஒரு நாளாவது அதுல நாலு அரிசி வந்துகீதா?" என்பான்.

"வரும்யா. நீ அதுக்குள்ள சோத்த தின்னு முடி" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தத் தேர்தலில் டெல்லியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போயிற்று. பெரிய கட்சிக்கு ஆள் குறைந்தது. குறைந்ததை இட்டு நிரப்பச் சின்னக் கட்சிகளைக் கூப்பிட்டார்கள். யார் யார் மந்திரி, யாருக்கு எந்தத் துறை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். யூசுப் பாய் டீக்கடை டிவியில் வேறு பேச்சே இல்லை. ரயில் எனக்கு என்றான் ஒருத்தன், சுகாதாரம் தராவிட்டால் கிளம்புவேன் என்றான் இன்னொருத்தன். முறம் சின்னத்துத் தலைவர் மந்திரிசபையில் சேருவாரா, வெளியிலிருந்து ஆதரவு கொடுப்பாரா என்பது தெரியாமல் இருந்தது.

"வெளியில இருந்து ஆதரவுன்னா இன்னா பாய்?" என்று கேட்டாள் பொன்னியம்மா. மதிலோரத்தில் மீன் விற்கிறவள், அஞ்சலைக்கு அடுத்த வீடு. தாயில்லாத அஞ்சலைக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்த கை அவளுடையது.

"அதுவா. ஊட்டுக்குள்ள வர மாட்டேன், சோறு துண்ண மாட்டேன், ஆனா ஊடு இடியாம தூண் மாதிரி நிப்பேன்றது."

"அப்பிடி நிக்கிறவன் எவன் இருக்கான் இந்தக் காலத்துல."

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் கட்சிக்குப் பாதுகாப்புத் துறையில் ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும். பெரிய மந்திரி வேண்டாம், இணை மந்திரி போதும். நிலம் அந்தத் துறையுடையது, மந்திரி நம் ஆள் என்றால் மதிலோரத்தை யார் தொடுவார்கள்?

காரணமில்லாமல் இல்லை இந்த ஆசை. மதிலோரத்தைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டிவிட்டிருந்தார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் குத்தம்பாக்கம் பக்கம் மாடி வீடு. போடாதவர்களுக்கு வீடு கிடையாது. இடிப்பது என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். குத்தம்பாக்கத்திலிருந்து யார் வந்து இங்கே பாத்திரம் தேய்ப்பது, யார் வந்து மீன் விற்பது? போடலாமா, வேண்டாமா என்று இழுத்து இழுத்துக் கடைசி நாள் வந்துவிட்டது. தெருமுனையில் மேசை போட்டு இரண்டு அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். காலையெல்லாம் தயங்கியவர்கள் வெயில் ஏறின பிறகுதான் வரிசையில் நின்றார்கள். டெல்லியில் துறை பிரிப்பதும் அன்றைக்குத்தான்.

உச்சி வெயிலில் அஞ்சலையின் போன் அடித்தது. கட்சியின் நகரச் செயலாளர் சண்முகசுந்தரம். ஆவடி கட்சி ஆபீஸ் வாசலில் மேளம் பிளந்துகொண்டிருந்தது; வெடி வேறு.

"அஞ்சல... நம்ம ஆளுக்கு... பாதுகாப்பு இணை அமைச்சர் குட்த்துட்டாங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லு."

"இன்னாண்ணே? இன்னொரு வாட்டி சொல்லுண்ணே."

"பாதுகாப்பு, பாதுகாப்பு" என்ற சத்தம் மட்டும் வந்தது. அதற்குமேல் மேளம்தான்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினாள். வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள் பொன்னியம்மா. அவள் கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டார்கள். காகிதத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"வெக்காதக்கா. பாதுகாப்பு நமக்கு வந்துட்ச்சி. நம்ம ஆளுதான் மந்திரி."

"மெய்யாவா டீ?"

"என் காதால கேட்டேன்கா."

பொன்னியம்மா விரலை இழுத்துக்கொண்டாள். துடைக்க எதுவும் கிடைக்காமல் அஞ்சலையின் முந்தானையிலேயே அந்த மையைத் துடைத்தாள். மேசைக்காரர் பெரியவராக, நல்ல மாதிரியாக இருந்தார். "அம்மா, இன்னிக்கு விட்டா அவ்ளோதான், யோசிச்சுக்கோங்க" என்றார். யார் கேட்கிறார்கள்? வரிசை கலைந்தது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அஞ்சலை முறத்தை எடுத்து வந்து நடுத்தெருவில் தூக்கிப் பிடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அவளை ஏமாற்றுக்காரி என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் மேசையை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் டிவியில் துறைகளை வரிசையாகப் படித்தார்கள். தெருவே யூசுப் பாய் கடையில் நின்றது. அவர் திரையருகே போய் எழுத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"அக்கா, பாதுகாப்புக்கு முன்னாடி இன்னொரு வார்த்த போட்டுக்கீதே. நுகர்வோர் பாதுகாப்பு."

"நுகர்வோர்னா யாரு பாய்? மிலிட்டரிக்காரங்களா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"இல்லக்கா. கடையில சாமான் வாங்குறவங்க."

பாதுகாப்புத் துறை பெரிய கட்சியிடமே இருந்தது. பொன்னியம்மாதான் மெல்லக் கேட்டாள். "அப்ப நம்ம ஊடு?"

பின்னால் இருந்து ஒருத்தன் சொன்னான்: "ஊடு போனா போவுது. இனிமே பருப்புல கல்லு இருந்தா அஞ்சலகிட்ட சொல்லுங்க." அன்றிலிருந்து அவளுக்கு நுகர்வோர் அஞ்சலை என்று பெயர் விழுந்தது.

மறுநாள் காலை மேசை போட்ட அலுவலகத்துக்குப் போனாள். தேதி முடிந்துவிட்டது என்றார்கள். அங்கிருந்து நேரே சண்முகசுந்தரத்திடம் போனாள்.

"நான் முழுசாத்தாம்மா சொன்னேன்" என்றார் அவர். அதுவும் பொய்யாக இருக்காது. மேளக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

"சரிண்ணே, கேட்டது என் காது. மந்திரிகிட்ட சொல்லி, கையெழுத்துக்கு இன்னும் ஒரு நாள் வாங்கிக் குடு. அது போதும்."

"அது அவுரு துறை இல்லியேம்மா. அடுத்தவன் துறையில தலையிட்டா கூட்டணி ஒடஞ்சிடும்."

"நம்ம கைய எடுத்தா அரசாங்கமே கவுந்துடும்னு மேடையில பேசினியேண்ணே."

"கவுந்துடும்தான். அதனாலதான் எடுக்க மாட்டோம்."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை.

மழைக்கு முன்னால் மதிலோரத்தை இடித்தார்கள். இடிப்பதற்கு முந்தின நாள், கட்டிலைத் தெருவில் போட்டுவிட்டு நின்றவளிடம் பச்சையப்பன் ஒரு சாவியை நீட்டினான். சம்மதம் கேட்ட கடைசி நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில், மேசை போட்ட உடனே, யாரும் வருவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை.

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா உட்டுருப்பியா? உன் கட்சிய நம்பி நான் தெருவுல நிக்கணுமா?"

அவனையும் குறை சொல்ல முடியாது. தன் பெண்டாட்டி தெருவில் நிற்கக் கூடாது என்று நினைத்தவன். ஆனால் அவள் சொல்லைக் கேட்டவர்களுக்கு வீடில்லை, சொன்னவளுக்கு வீடு. இதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? புருஷன் போட்டான் என்று வாய் திறந்தால் ஆத்திரத்தில் இருக்கிற ஜனம் அவன் மேல் பாயும். பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குத்தம்பாக்கம் போனாள்.

சுவரில் பெயிண்ட் வாசனை போகாத மூன்றாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். கட்சிப் பக்கம் போகவில்லை. அந்த வீட்டில் ஒரு நாளும் அவள் கால் நீட்டிப் படுத்ததில்லை என்று பச்சையப்பனே பிற்பாடு சொன்னான்.

மழை விட்டதும் பொன்னியம்மா வந்தாள். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வொர்க்‌ஷாப்பின் பின்னால் தகரக் கொட்டகை எடுத்திருந்தாள். மீன் கூடை இல்லை, கையில் ஒன்றுமில்லை. படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாக்கா."

"வேணாம். ஒன்னே ஒன்னு கேட்டுட்டு போறேன். ஊரு ஆயிரம் சொல்லும், நான் உன்ன கேக்குறேன். நீ கையெழுத்து போட்டுட்டுத்தான் என்ன வெக்காதன்னு சொன்னியா?"

"இல்லக்கா."

"பின்ன இந்த ஊடு?"

அஞ்சலை உள்ளே பார்த்தாள். பச்சையப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை. அவளும் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பொன்னியம்மா சொம்பைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், தண்ணீர் வாங்காமல் படியிறங்கிவிட்டாள். மீன் விற்றுவிட்டு வந்த அலுப்பில் எத்தனையோ நாள் அவள் கையால் வாங்கிக் குடித்தவள்.

அன்று முழுக்க அந்தச் சொம்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை அஞ்சலை சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடிவைத்தாள். இரண்டு புடவையை ஒரு பையில் போட்டாள். கட்டியிருந்தது அந்த மைக்கறைப் புடவை. எத்தனை துவைத்தும் முந்தானையில் கட்டைவிரல் அளவுக்கு நீலம் போகவில்லை. முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் பச்சையப்பன்.

"முத்தாபுதுப்பேட்டைக்கு. பொன்னியக்கா கொட்டா பக்கத்துல எங்கியாவது."

"அவ உன்ன சேத்துக்க மாட்டா."

"சேத்துக்காட்டி போறா. அவ நனைஞ்சா நானும் நனைவேன். அவ்ளோதான்."

"என் பேரச் சொல்லு. நான்தான் போட்டேன்னு சொல்லிடு. அடிச்சா அடிக்கட்டும்."

"உன்ன அடிச்சா அவங்களுக்கு ஊடு வந்துடுமா?"

அவன் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டான். "அப்ப நான் இன்னா பண்றது, அஞ்சல? எனக்கு யாரு கீறாங்க?"

அவள் செருப்பை மாட்டினாள். யூசுப் பாய் கடையில் எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவள், இப்போது லேசாகச் சிரித்தாள் என்றுதான் அவன் சொல்கிறான்.

"உனுக்கு என் ஆதரவு எப்பவும் உண்டுய்யா. வெளியில இருந்து."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.