வாரேன் என்ற சொல்

உலக யுத்த காலம் அது. சண்டை போட்டு, என் மனைவியைத் திருவாதவூரில் அவள் தாய்வீட்டில் நானே கொண்டுபோய் விட்டேன். வாசலில் "வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவன், எட்டு மாதமாகப் போகவே இல்லை.

கோச்சடை வீட்டில் நானும் அவள் வளர்த்த செவலை நாயும்தான். அவளைத் தேடி அது ஓயாமல் ஊளையிட்டது. ஒருநாள் எரிச்சலில் அதை வைகைக்கு அக்கரையில் ஒரு புளியமரத்தடியில் விட்டேன். கிளம்பும்போது வாய்ப்பழக்கத்தில் "வாரேன்" என்றேன். அது உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மனம் கேட்காமல் போனேன். அதே இடத்தில் வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றவள் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கல்லாம் மனுசனாண்ணே? சோறு வச்சேன், தொடல. அன்னைக்கு வாரேன்னு சொன்னீகளே, அத நம்பில்ல கெடக்கு!"

செவலை வாலை ஆட்டியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை நம்பிக் காத்திருப்பது அது மட்டுமல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அதை வண்டியில் ஏற்றித் திருவாதவூர் போனேன். கதவைத் திறந்த மனைவி, "வாடி" என்று நாயை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். நான் வெளியிலேயே நின்றேன். திரும்பும்போது "வாரேன்" என்று சொல்ல நா எழவில்லை.

இன்றும் எங்கே கிளம்பினாலும் "போறேன்" என்றுதான் சொல்கிறேன். அபசகுனம் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.