அப்பாவின் கால்விரலில் பொங்கிய நுரை

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன் நான். அதியமான்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் காய்ச்சலுக்குக்கூட என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

போன மாங்காய் சீசனில் அப்பாவின் கால் கட்டைவிரலில் மண்வெட்டி பட்டுவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. உப்புக் கரைசலில் கழுவிக் கட்டுங்கள், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். உப்புத் தண்ணீர் எனக்குச் சப்பென்று இருந்தது. மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிவந்து ஊற்றினேன். வெள்ளையாகப் பொங்கியது.

முடியாதவரைப் பார்க்க சாத்துக்குடியும் பன்னுமாகச் சொந்தக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். யார் வந்தாலும் அப்பா கட்டை அவிழ்க்கச் சொல்வார். "ஊத்துப்பா, பொம்மிடி மாமா பாக்கட்டும்." நான் ஊற்றுவேன். "கிருமி கொதிச்சுச் சாவுது பாருங்க" என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. புண் மட்டும் ஆறவில்லை.

பள்ளியில் நொதி பாடம் வந்தது. வருஷாவருஷம் செய்வதுபோல் உருளைக்கிழங்குத் துண்டில் பெராக்சைடை விட்டேன். அதே நுரை. கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது, நம் ரத்தத்திலும் அது உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றேன். காது மடலெல்லாம் சூடேறியது. நான் ஊர்கூட்டிக் காட்டியது கிருமியின் சாவை அல்ல. பெராக்சைடு கிருமியின் உறையையும் புரதத்தையும் சிதைத்துக் கொல்வது நிஜம்தான். ஆனால் அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. புண்ணை மூட வருகிற புதுச் செல்களையும் சேர்த்துக் கொல்லும். தினமும் முளைத்ததைத் தினமும் கொன்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் உப்புக் கரைசலை ஊற்றினேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, நுரையே வரல?"

பொம்மிடி மாமா வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கிருமி பூராவும் செத்துப்போச்சுங்கப்பா" என்றேன்.

விரல் தப்பியது. அதன்பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா காலை நீட்டித் தழும்பைக் காட்டுவார். "எம் பையந்தான் காப்பாத்துனான்." நான் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அந்தம்மாவுக்கும் சர்க்கரை, குதிகாலில் புண். அவர் கையில் அதே மருந்துப் பாட்டில். "நீங்களே ஊத்தி வுடுங்க சார்." அப்பா வழக்கம்போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இனி உள்ளே ஓட வழியில்லை.

"ஊத்தாதீங்க. நான் ஊத்துனது தப்பு. அப்பா வெரல் தப்புனது டாக்டர் சொன்ன உப்புத் தண்ணியாலதான்" என்றேன்.

அப்பா நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.