மாடி ஹாலில் கேந்தி நாற்று

விதைத்த பதினோராம் நாள் காலையில் மாடிக் கதவைத் திறந்தபோது, நாற்பது குழித்தட்டுகளில் முக்கால்வாசி சாய்ந்து கிடந்தது. எல்லாம் முந்தின சாயங்காலம் நிமிர்ந்து நின்ற கேந்தி, அதாவது செண்டுமல்லி நாற்றுகள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்து, ஊறிப்போன நிறத்தில் இருந்தது. இலை மட்டும் பச்சையாக இருந்தது, தகவல் இன்னும் அங்கே போய்ச் சேராததுபோல.

அது நாற்றழுகல். தோட்டக்கலை டிப்ளமோவில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நோயின் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் அப்போது எனக்கு இருந்தது.

வீட்டுக்குள் வந்த கதை

எங்கள் நர்சரி முதலாளி கல்ஃபிலிருந்து திரும்பினவர். மார்பிள் பதித்த இரண்டு மாடி வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். அந்த வைகாசிக் காற்று எங்கள் நிழல்வலைக் குடிலைப் பிய்த்துக்கொண்டு போனது. ஓணத்துக்குப் பூப்பறிக்க, தோவாளைப் பக்கத்து விவசாயிகள் நாற்று கேட்டிருந்தார்கள். தள்ளிப்போட வழியில்லை.

"மேல ஹாலு சும்மாதானெ கெடக்கு. துபாய்ல தக்காளியெயே ரூமுக்குள்ள வச்சுல்லா வளக்குதான்" என்றார் முதலாளி.

முளைத்த நாற்றுகள் வெளிச்சம் போதாமல் வெளுத்து நீண்டன. கூரையிலிருந்த டியூப் லைட்டுகளைக் கயிறு கட்டி, நாற்றுத் தலைக்கு முக்கால் அடி மேலே இறக்கினேன். நீளுவது நின்றது. முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் "படிச்ச பிள்ளெ" என்று என்னைக் காட்டினார். நானும் தள்ளி நிற்காமல் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டேன்.

ஏட்டையா வந்தார்

ஜன்னலைச் சாத்திவிட்டுப் பகலெல்லாம் லைட் எரிக்கிற வீட்டைப் பற்றி யாரோ ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். நாற்று சாய்ந்த அதே காலையில் ஏட்டையா வந்து நின்றார்.

"கஞ்சா வளக்கதா பெட்டிஷன் வந்திருக்கு."

"கேந்தி சார்."

"நல்லா பாத்துச் சொல்லு பிள்ளே. இலை பல்லு பல்லா இருக்கே."

"கேந்தி இலையும் அப்படித்தான் சார்."

ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தார். கோயில் மாலை வாசம்தான். பிறகு சாய்ந்த தட்டுகளை ஒரு சுற்று பார்த்தார். "கஞ்சாவாவே இருந்தாலும் இந்தக் கெதிக்கு வந்த பெறவு என்ன கேஸு போட?" என்றார். நிமிர்ந்து நின்றவற்றில் பத்து நாற்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ராசியில்லாத கை

வாசலில் போலீஸ் நின்றதைத் தெருவே பார்த்தது. முதலாளிக்குக் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

"வித்து போட்டது யாரு?" என்று வேலைக்காரப் பெண்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எங்களோடு வேலை செய்த தங்கம் அக்கா. எங்கள் பக்கம் ராசியுள்ள கை பார்த்துத்தான் முதல் விதை போடச் சொல்வார்கள். போட்டது கெட்டால் அந்தக் கையைக் குறை சொல்வார்கள்.

"ஒனக்குக் கை ராசியில்லெ. நாளெ முதல் வராண்டாம்."

தங்கம் அக்காவின் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே என் சார்ட் ஒட்டியிருந்தது. காலை, மதியம், மாலை என மூன்று வேளை பூவாளித் தண்ணீர். காற்றோடுகிற குடிலுக்காக எழுதினது அது. ஒரு வரி மாற்றாமல் மாடிக்குக் கொண்டுவந்து ஒட்டியிருந்தேன். மூடின ஹாலில் ஈரம் காயவே இல்லை.

முளைத்த மறுநாளே அக்கா கேட்டிருந்தாள். "பிள்ளே, ஈரம் அப்படியே நிக்கே. மத்தியானத்தெ வெள்ளத்தெ நிப்பாட்டட்டா?"

"சார்ட்ல என்னக்கா போட்டிருக்கு?" என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் கேட்டேன்.

அக்காவை நிறுத்திய அன்று இதை நான் சொல்லவில்லை. அக்கா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஒப்புக்கொள்வதில் உள்ள சிரமம்

இரண்டு நாள் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒனக்கு இளகின மனசு. அவளுக்காண்டி பழிய நீ ஏக்குதே."

படித்தவள் தப்புச் செய்ய மாட்டாள் என்று அவர் நம்பியது அதுவரை எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அதே நம்பிக்கை என் பேச்சைக் காதில் வாங்க மறுத்தது.

நானே நான்கு தட்டு விதைத்தேன். இரண்டுக்கு மூடின ஹாலில் சார்ட்படி தண்ணீர். மற்ற இரண்டுக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு, மேல்பாகம் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். பத்தாம் நாள் சார்ட் தட்டுகள் சாய்ந்தன. மற்றவை நின்றன.

"நாலும் ஒரே கையா போட்டது?" என்றார் முதலாளி.

"ஒரே கைதான். என் கை."

நின்ற தட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "அவளெ வரச்சொல்லு" என்றார்.

அக்கா முந்திரி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் அங்கே போய்க் காத்து நின்றேன்; மத்தியான மணி அடித்ததும் ஆலைக் கேட்டருகே வந்தாள். முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது.

"என்ன மக்கா, இந்தக் கைக்கு ராசி வந்துட்டா?"

"தப்பு என்னோடதுக்கா."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். இங்க வந்து என் காதுல சொல்லி என்ன ஆவப்போவுது? அன்னைக்கு கேட்டுட்டு நின்னவங்க முன்னால சொல்லு."

மறுநாள் காலை அக்கா வந்தாள். முதலாளியும் மற்ற வேலைக்காரப் பெண்களும் நிற்க, சொன்னேன். "தண்ணீர் அதிகம் விடச் சொன்னது நான். நிறுத்தட்டுமா என்று கேட்டவர் தங்கம் அக்கா." இரண்டே வாக்கியம். டிப்ளமோ வைவாவில்கூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை. அக்கா நேரே தட்டருகே போய் விரலை வைத்துப் பார்த்து, "இதுக்கு இன்னைக்கு வெள்ளம் வேண்டாம்" என்றாள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நர்சரி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நாற்று சாய்ந்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். ஈரம் பாருங்கள், காற்றோட்டம் பாருங்கள். அப்புறம், யார் சொன்னதைக் கேட்காமல் விட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டும் என் டிப்ளமோ புத்தகத்திலேயே இருந்தன. மூன்றாவதைப் படிக்கப் பதினைந்து நாள் நர்சரிக் கூலி செலவாயிற்று. அந்தக் கூலியும் என்னுடையது இல்லை, தங்கம் அக்காவுடையது.