கூச்சிங் போன பை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதுதான் அது. பல் டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் வீட்டில் கேட்காமலே ஐஸ்கிரீம் கிடைக்கும் என்பதை நானே கண்டுபிடித்திருந்தேன். அதன் பிறகு யாராவது காரணமில்லாமல் ஐஸ்கிரீம் நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வேன். அப்படிப்பட்ட என் கண்முன்னால்தான் அம்மா பை கட்ட உட்கார்ந்தார்.

அம்மா கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்டுடியோவில் விளக்குப் பிடிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கேமரா வாங்கிக்கொண்டார். சனி ஞாயிறு என்றால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. அப்பாவுக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் அநேகமாகச் சண்டைதான். இரண்டு வாரத்துக்கு முன் நடந்த சண்டையில் அம்மா, "ஒரு நாளைக்குப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிப் போயிடுவேன், அப்பத் தெரியும்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதைக் காதில் வாங்காமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான் அப்படி விடவில்லை.

இப்போது, பள்ளி விடுமுறையில், பை வந்துவிட்டது. கூச்சிங்கில் ஒரு கல்யாணமாம். வெள்ளிக்கிழமை மதியம் போய் ஞாயிறு திரும்பிவிடுவாராம். பெண் வீட்டார் விமான டிக்கெட்டே அனுப்பியிருந்தார்கள். வேலைக்காக அம்மா விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. படங்கள் பிடித்துப்போனால் அடுத்த மாதம் ஷா ஆலாமில் மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் விருந்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பள்ளிப் புத்தகத்தில் வரைபடத்தைப் பார்த்தேன். கூச்சிங் கடலுக்கு அந்தப்பக்கம் சரவாக்கில் இருந்தது, சரவாக் நம் நாட்டில் இருந்தது. அதுவரை சரிதான் என்று விட்டுவைத்தேன்.

பை கட்டும்போதுதான் எல்லாம் சரியில்லாமல் போயிற்று. அந்த டிக்கெட்டில் கையில் ஏழு கிலோ கொண்டுபோகலாம், அவ்வளவுதான். அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டு முள்ளைப் பார்ப்பார், ஒன்றை எடுப்பார், மறுபடி தொங்கவிடுவார். கேமராப் பைக்குள் இருந்த மெத்தைத் தடுப்புகளே ஒரு கிலோ தேறும் என்று பிய்த்துப் போட்டார். அவற்றுக்குப் பதிலாகத் துணிகள் போயின. பட்டுச்சேலைக்குள் ஃபிளாஷ். அப்பாவின் பழைய கைலிக்குள் கேமரா. கடைசியாக என் கம்பளிச் சட்டையை எடுத்தார். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது கேமரன் மலையில் வாங்கியது, இப்போது தலை நுழையாது. நீளமான பெரிய லென்ஸை அதற்குள் இறக்கி, இரண்டு கைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டார்.

என் சட்டை எதற்கு என்று கேட்டேன். லென்ஸுக்கு அடிபடாமல் இருக்க, துண்டு வைத்தால் கனம் என்றார். தயாராக வைத்திருந்தது போல அத்தனை வேகமாகப் பதில் வந்தது. வீட்டை விட்டுப் போகிறவர்கள் பிள்ளையின் சட்டையை எடுத்துக்கொண்டு போவதை நான் டிவி நாடகங்களில் பார்த்திருக்கிறேன். அதை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுவார்கள். அம்மா அழவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

இரண்டு மாடி கீழே குடியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார். பையை எட்டிப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "படம் எடுக்கப் போறவளுக்குப் பட்டுச்சேலை எதுக்குலா? பாத்துக்க." விமானம் ஏறும் வாய்ப்பு தனக்கு இல்லையே என்ற வயிற்றெரிச்சலில் சொன்னதுதான் அது என்று இப்போது தெரிகிறது. அன்று அது எனக்குச் சாட்சி.

பிறகு அம்மா அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பையின் முன்பக்கத்தில் செருகினார்.

நம் நாட்டுக்குள் போக எதற்குப் பாஸ்போர்ட் என்று கேட்டேன். அம்மா பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "அங்க எறங்குனா இமிகிரேஷன் இருக்கும்மா. கேப்பாங்க."

சொந்த நாட்டுக்குள் இமிகிரேஷனாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அம்மா குளிக்கப் போன நேரத்தில் பாஸ்போர்ட்டை உருவினேன். அது இல்லாமல் எந்த வெளிநாட்டுக்கும் போக முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முடிச்சுப் போட்ட அந்தச் சட்டைக் கைகளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னை விட்டுவிட்டு என் சட்டையை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறாரா? முடிச்சை அவிழ்த்து லென்ஸை வெறுமனே உள்ளே வைத்து ஜிப்பை மூடினேன். சட்டையும் பாஸ்போர்ட்டும் என் தலையணை உறைக்குள் போயின.

தலை துவட்டிக்கொண்டே வந்த அம்மா கடைசியாக ஒரு முறை தராசில் தொங்கவிட்டார். கால் கிலோ குறைந்திருந்தது. தராசு முதலில் தப்பாகக் காட்டியிருக்கிறது என்று முடிவு செய்து, ரொம்ப சந்தோஷப்பட்டார். கனம் தாங்காது என்று ஒதுக்கி வைத்திருந்த, விளக்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிளிப்பை எடுத்து, ஓரத்து ஜிப் வழியாக உள்ளே திணித்தார். லென்ஸ் இருந்த பக்கம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலைக்குள் திரும்பி வந்துவிடுவார் என்று ஜன்னலிலேயே இருந்தேன். ஆறு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. அம்மா கூச்சிங்கில் இறங்கிவிட்டார். எப்படி முடிந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. இங்கிருந்து சரவாக் போகிறவர்களுக்கும் இமிகிரேஷன் சோதனை உண்டு, அதற்கு நம் அடையாளக் கார்டே போதும், பாஸ்போர்ட் சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான் என்பதெல்லாம் நான் வளர்ந்து ஒரு தடவை அங்கே போனபோதுதான் தெரிந்தது.

ஞாயிறு மாலை அம்மா வந்தார். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். புடவையில் ஓமப் புகை வாசம் இருந்தது. என் தலையைத் தடவிவிட்டு, பையைத் தரையில் வைத்துத் திறந்து, அப்பாவுக்குக் காட்டினார். பெரிய லென்ஸின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. விமானத்தில் யாரோ தன் பையை இழுத்தபோது இதுவும் சேர்ந்து மேலேயிருந்து விழுந்ததாம். முகூர்த்தம் முழுவதும் சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு மணவறையை ஒட்டியே நிற்க வேண்டியிருந்தது. போட்டோக்காரம்மா முதுகைத்தான் பார்த்தோம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூன்று தடவை சத்தம் போட்டார்களாம். ஷா ஆலாம் விருந்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்கள்.

"சட்டைக்குள்ளதான் கட்டி வச்சேன்" என்றார் அம்மா. அப்பா தேநீர் போட எழுந்து போனார்.

மறுநாள் துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றும்போது சட்டையும் பாஸ்போர்ட்டும் கட்டிலில் விழுந்தன. நான் கதவோரம் நின்றிருந்தேன். அம்மா அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் மூன்று நான்கு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்றுக்கும் வேலை வரவில்லை. பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்தார், சட்டையை மடித்து என் துணிகளோடு வைத்தார். பசிக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அதைவிட, பாஸ்போர்ட்டை நான் பிடித்து வைத்திருந்ததால்தான் அம்மா திரும்பி வந்தார் என்று வெகுநாள் நம்பினேன்.

சில மாதம் கழித்து அம்மாவுக்குக் கோத்தா கினபாலுவில் ஒரு வேலை கிடைத்தது. அன்றும் பள்ளி விடுமுறை. அம்மா பையையும் தராசையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார், பின்னாலேயே போன நான் எட்டுவதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே தரையில் உட்கார்ந்து ஜிப் இழுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே எதையோ மறைக்கிறார், இந்தத் தடவை நிச்சயம் போகப்போகிறார் என்று கதவில் காதை வைத்தேன். யாருக்காக அந்தத் தாழ்ப்பாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மாவையும் என்னையும் தவிர வேறு யாரும் இல்லை.