மூன்று நிமிடமும் முப்பத்து நான்கு நிறுத்தங்களும்

நேற்று செய்தி வந்தபோது மாலை நான்கு இருபது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தானின் போன் அடித்தது. பேசியவர் மாநகராட்சி மன்றத்தின் எழுத்தர்.

“எங்கம்மா அவரு? போனைக் குடுங்க. பழைய டிப்போ நிலம் வீடு கட்டத்தான்னு முடிவாயிடுச்சு. ரெண்டே ஓட்டு வித்தியாசம்!”

“அவரு இல்லீங்க. பத்து நாளாச்சு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு, எழுந்திரிக்கல.”

“நாளைக்கு வீட்டுக்கே வர்றேம்மா” என்று எழுத்தர் போனை வைத்தார்.

அத்தான் இருபத்தெட்டு வருடம் ஒரே தடத்தில் நகரப் பேருந்து ஓட்டியவர். மொத்தம் முப்பத்து நான்கு நிறுத்தங்கள். யார் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்பதை தலைக்கு மேலிருந்த கண்ணாடியிலேயே படித்து வைத்திருந்தார். நகரத்தில் வாடகை ஏறிய கதையை அவர் எந்தச் செய்தித்தாளிலும் படிக்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்குவார். சில வருடம் கழித்து ஒன்பதாவதில். பிறகு பதினெட்டாவதில். கடைசியில் முப்பத்து நான்காவதில், அதுவும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டால்தான். “எந்திரிம்மா, உன் வீடு இன்னும் கொஞ்சம் பின்னால நகர்றதுக்குள்ள இறங்கிடு” என்பாராம்.

அவரும் நகர்ந்தவர்தான். ஆறாவது நிறுத்தத்தில் தொடங்கிய குடித்தனம் நான்கு வீடு மாறிக் கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது. “டிரைவருக்கு என்ன மாப்ளே, எப்படியும் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போய்த்தானே ஆகணும்” என்று என்னிடம் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் ஏழாவது நிறுத்தத்தில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற அதே மாதத்தில் டிப்போவையும் மூடினார்கள். ஊருக்கு நடுவில் ஆறு ஏக்கர். கடைகளும் அலுவலகங்களும் கட்ட ஒரு நிறுவனம் கேட்டது. மன்றத்தின் வீட்டுவசதி நிதியிலிருந்து அங்கே குடியிருப்பு கட்ட வேண்டும், வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அத்தானின் கட்சி. கட்சியில் முதலில் இருந்தது அவர் ஒருவர்தான். “பஸ்ஸு படுத்துத் தூங்குன எடத்துல மனுசன் தூங்கக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டே ஆள் சேர்த்தார்.

மன்றத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நாளில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். முடிந்ததும் எழுத்தர் மேசை மணியைத் தட்டுவார். முதல் தடவை அத்தான் ஒலிபெருக்கி முன்னால் கால்களை அகட்டி நின்று, இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். நர்ஸின் கதை பதினெட்டாவது நிறுத்தத்துக்கு வந்தபோது மணி ஒலித்தது. வாக்கியத்தின் நடுவிலேயே டக்கென்று நின்றுவிட்டார்.

மன்றத் தலைவருக்கே பொறுக்கவில்லை. “ஏங்க, சொல்லிட்டிருந்ததையாவது முடிங்க.”

“ஒரு மணி அடிச்சா வண்டிய நிறுத்தணும், ரெண்டு அடிச்சாத்தான் எடுக்கணும் சார். பழக்கம்.”

பின் வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். “ரைட், ரைட்! போங்க!”

மன்றமே சிரித்தது. தலைவர் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கூட்டத்திலும் அத்தானுக்கு மட்டும் எழுத்தர் மணியை இரண்டு முறை தட்டுவார், யாரும் ஆட்சேபித்ததில்லை.

கணக்கும் வரைபடமும் காட்டி ஒரு அதிகாரி, வாடகை சராசரியாகப் பன்னிரண்டு சதவீதம்தான் ஏறியிருக்கிறது என்றார். அத்தான் மரியாதையாகக் கை தூக்கினார். “சார், இந்தச் சராசரி எந்த ஸ்டாப்புல இறங்குவாரு? நான் ஒரு நாளும் பாத்ததில்லையே.” இன்னொரு உறுப்பினர் இவர் வருவதைப் பார்த்துக் கழிவறைக்குள் புகுந்துகொண்டார். அத்தான் கதவுக்கு வெளியே நின்று, “அவசரமில்ல, நெதானமா வாங்க. என் டூட்டி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு” என்றார். முக்கால் மணி நேரம். அந்த உறுப்பினர் நேற்று நமக்குத்தான் கை தூக்கினாராம்.

“நம்ம குழாய் ஆறு மாசமா ஒழுகுது. இவரு ஊருக்கெல்லாம் வீடு கட்டுறாரு” என்று அக்கா திட்டுவாள். திட்டிக்கொண்டே அவருடைய சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள்.

இன்று காலை எழுத்தர் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றியவர் உட்காரத் தயங்கி நின்றார். வாடகையால் விரட்டப்பட்டவர்களுக்குத்தான் முதல் அறுபது வீடுகள். அத்தான் வீடு வீடாகப் போய் எழுதி வாங்கிய தாள்களையே அதற்குச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்களாம். திங்கட்கிழமைக்குள் ஒரு கட்டம் விடாமல் நிரப்பித் தர வேண்டும்.

“உங்க வீட்டுத் தாளும் அதுல இருக்கணுமேம்மா” என்றார்.

அக்கா அவருடைய பையைக் கொண்டுவந்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் அத்தானே அடிக்கோலால் கோடு போட்ட மூன்று கட்டங்கள்: முன்பு இறங்கிய நிறுத்தம், இப்போது இறங்கும் நிறுத்தம், இறங்க விரும்பும் நிறுத்தம். மூன்றாவதில் பலர் எண் எழுதவில்லை. ‘ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எதுவானாலும் சரி’ என்று ஒருவர். ‘பேரப்பிள்ளை முழித்திருக்கும்போது போய்ச் சேருகிற மாதிரி ஓர் இடம்’ என்று நர்ஸ்.

கடைசித் தாள் எங்கள் வீட்டினுடையது. முதல் கட்டத்தில் ஆறு. இரண்டாவதில் முப்பத்து நான்கு. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். மூன்றாவது கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.